எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை: தொற்றுக் காலத்தில் தோல் நோயாளிகள் நிறுத்தலாமா?

கோலாலம்பூர் - 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த நாள்களில் எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே பேச்சுதான்: உடம்பில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள். கபசுரக் குடிநீர் காய்ச்சுவது எப்படி, மஞ்சளும் மிளகும் எத்தனை வேளை, எந்த வைட்டமின் மாத்திரை நல்லது என்று செய்திகள் வந்து குவிந்தன. அதே நேரத்தில் அரசாங்க மருத்துவமனைகளின் தோல் பிரிவில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களின் நிலை வேறாக இருந்தது. அவர்கள் மருந்துப் பையில் இருந்தது, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை.

சொரியாசிஸ், கடுமையான எக்ஸிமா, லூபஸ், உடம்பெங்கும் கொப்புளங்களைக் கிளப்பும் பெம்ஃபிகஸ் போன்ற நோய்களுக்கு பூசும் மருந்து மட்டும் போதாது என்ற கட்டத்தில் மருத்துவர்கள் இந்த மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட், அசாத்தியோப்ரின், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகியவை அவற்றில் அதிகம் பழக்கமானவை. ஊரெங்கும் கிருமி பரவும்போது இதைத் தொடர்ந்து சாப்பிடுவது, வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதைப் போல் ஆகாதா என்ற பயம் நியாயமான பயம்தான். பல நாடுகளில் நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமலேயே மருந்தை நிறுத்திக்கொண்டது பின்னர் ஆய்வுகளில் பதிவானது. நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் மோசமானதும் பதிவானது.

கோவிட்-19 பெருந்தொற்றின் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. ஆனால் கிருமி போய்விடவில்லை. ஒவ்வோர் அலையின்போதும், இன்ஃபுளுவென்சா பரவும்போதும், அதே கேள்வி திரும்பவும் எழுகிறது. 2020-இல் மருத்துவர்களிடமே தெளிவான விடை இல்லை. இப்போது இருக்கிறது.

ஜாகாவின் கோளாறு

இந்தக் குழப்பத்தில் பாதி, சொல்லால் வந்தது. "நோயெதிர்ப்பு ஒடுக்கிகள்" என்று எழுதும்போது உடம்பின் காவல் முழுவதையும் அடக்கி ஒடுக்கிவிடுவதைப் போல் தொனிக்கிறது. உண்மையில் தோல் நோய்க்குக் கொடுக்கும் அளவில் இந்த மருந்துகளில் பெரும்பாலானவை செய்வது அதுவல்ல.

தோட்டத்து ஜாகா ஒருவர், திருடனைப் பிடிப்பதை விட்டு வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினால் எப்படியிருக்கும்? சொரியாசிஸ் உடம்பில் நடப்பது ஏறக்குறைய அதுதான். சாதாரணமாக மேல்தோலின் செல்கள் புதிதாகி உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு எதிர்ப்பு மண்டலத்தின் தூண்டுதலால் அது சில நாள்களிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் தோல் தடித்து, சிவந்து, வெள்ளிச் செதிலாக உதிர்கிறது. பெம்ஃபிகஸ் நோயில் தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் புரதங்களையே உடம்பு தாக்குகிறது. தோல் கழன்று கொப்புளமாகிறது. சிகிச்சை இல்லாத காலத்தில் அது உயிரைப் பறித்த நோய்.

ஆக, இவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது நோயல்ல. தவறான இடத்தில் அது மிகையாக வேலை செய்வதுதான் நோய். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" சரக்குகளை இவர்கள் யோசிக்காமல் வாங்கிச் சாப்பிடுவது நல்லதல்ல என்பதற்கும் இதுவே காரணம். நம் ஊரில் நேரடி விற்பனைக்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுவரும் ஸ்பிருலினா போன்றவற்றைச் சாப்பிட்ட பிறகு தன்னெதிர்ப்புத் தோல் நோய்கள் தூண்டப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

மருந்து செய்வது, அந்த ஜாகாவின் வேகத்தைத் தணிப்பது. எல்லா மருந்தும் ஒரே அளவில் தணிப்பதில்லை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் 2020-இல் இத்தனை பயம்.

சொரியாசிசுக்கு வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவு. (வாரம் ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறதியாகத் தினமும் சாப்பிட்டு உயிராபத்து வரை போனவர்கள் உலகெங்கும் உண்டு.) பயோலாஜிக் எனப்படும் புதுவகை ஊசிகள் இன்னும் குறுகலாக வேலை செய்கின்றன. அடலிமுமாப் டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தையும், செக்குகினுமாப் ஐஎல்-17 என்ற இன்னொரு புரதத்தையும் மட்டும் தடுக்கின்றன. மற்றக் காவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆயினும் டிஎன்எஃப் வகை ஊசி போடுவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். அந்தப் புரதம் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதில் பங்கு வகிப்பதே காரணம்.

மறுபக்கத்தில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை, அளவு கூடக் கூட, காவலைப் பரவலாகத் தளர்த்தும். பெம்ஃபிகசுக்குப் பயன்படும் ரித்துக்சிமாப் ஊசியோ, நோயெதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் பி செல்களையே பல மாதங்களுக்கு இல்லாமல் செய்துவிடுகிறது.

எண்கள் சொன்னது

தொடக்கத்தில் மருத்துவர்கள் கையில் அனுமானம் மட்டுமே இருந்தது. பிரிட்டனில் தோல் மருத்துவர்கள், நாளுக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசோலோனை நான்கு வாரங்களுக்கு மேல் எடுப்பவர்களை மிக அதிக ஆபத்துக்குரியவர்களாக வகைப்படுத்தி, வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்றார்கள். மற்ற மருந்துகளைப் பற்றி உறுதியாகச் சொல்ல எவரிடமும் தகவல் இல்லை. ஆகவே உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளின் விவரங்களைப் பொதுப் பதிவேடுகளில் சேர்க்கத் தொடங்கினார்கள்.

சொரியாசிசுக்கான அனைத்துலகப் பதிவேடான சோப்ரொடெக்ட், கோவிட் கண்ட 374 சொரியாசிஸ் நோயாளிகளின் விவரங்களை 25 நாடுகளிலிருந்து திரட்டி வெளியிட்டது. அவர்களில் 93 விழுக்காட்டினர் முழுமையாகக் குணமடைந்தனர். 21 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 9 பேர் இறந்தனர். யாருக்கு நோய் கடுமையானது என்று பார்த்தபோது முன்னே வந்து நின்றவை வயது, ஆணாக இருத்தல், நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை. பயோலாஜிக் ஊசி போட்டவர்களைவிட மற்ற மாத்திரைகள் சாப்பிட்டவர்களே அதிகமாக மருத்துவமனைக்குப் போனார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பயத்தில் வீட்டைவிட்டு வராமல் கூடுதல் கவனமாக இருந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒரு மருந்து இன்னொன்றைவிடப் பாதுகாப்பானது என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

மூட்டுவாத நிபுணர்களின் உலகப் பதிவேடு 2020-இல் வெளியிட்ட முதல் பெரிய அறிக்கை, 40 நாடுகளைச் சேர்ந்த 600 பேரைப் பற்றியது. லூபஸ் நோயாளிகளும் அதில் அடக்கம். நாளுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அதற்குப் பிறகு வந்த தரவுகள் ரித்துக்சிமாப் பற்றியும் எச்சரித்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. சொரியாசிசுக்கு வாரந்தோறும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும், வேறு நோய் இல்லாத நாற்பது வயதுக்காரரின் ஆபத்து ஒன்று. நீரிழிவோடு அதிக அளவு பிரெட்னிசோலோனும் சாப்பிடும் அறுபத்தைந்து வயதுக்காரரின் ஆபத்து முற்றிலும் வேறு. இருவரையும் "எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்" என்ற ஒரே பெயரில் அடைப்பது சரியல்ல.

நம் சமூகத்துக்கு இங்கே ஒரு தனிக் கவலை உண்டு. மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடாக உள்ள இந்தியர்கள், மலேசிய சொரியாசிஸ் பதிவேட்டில் அதைவிடக் கூடுதலான பங்கில் இருக்கிறார்கள். நீரிழிவிலும் நாமே முன்னால் நிற்கிறோம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோயுற்றநிலை ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். கோவிட் கடுமையாவதற்கு நீரிழிவும் உடல் பருமனும் முக்கியக் காரணங்கள். சொரியாசிசும் இவ்விரண்டோடு சேர்ந்தே வரும் பழக்கம் கொண்டது. அதற்கு மேல் பிரெட்னிசோலோன் வேறு சர்க்கரை அளவை ஏற்றிவிடும். தோல் மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர் தம் சர்க்கரை அளவைப் பற்றி அதே அளவு கவலைப்படுகிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதே மருந்து, கோவிட்டுக்கும்

2020 ஜூன் 16-ஆம் தேதி பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வு ஒரு முடிவை அறிவித்தது. டெக்சாமெத்தாசோன் என்ற மலிவான ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்தபோது, சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிராணவாயு மட்டும் கொடுக்கப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கிருமி நோயில் உயிர் காத்தது எப்படி? கோவிட் இரண்டு கட்டமாக நடக்கும் நோய். முதல் வாரத்தில் கிருமி பெருகுகிறது. அப்போது உடம்பின் காவல் முழுமையாக வேண்டும். இரண்டாம் கட்டத்தில், சிலருக்கு, கிருமியைவிட உடம்பின் சொந்த எதிர்ப்பே நுரையீரலைச் சேதப்படுத்துகிறது. ஜாகா மறுபடியும் வீட்டுக்காரரை அடிக்கத் தொடங்குகிறார். அந்தக் கட்டத்தில் அவரைத் தணிக்கும் மருந்து உதவுகிறது. எக்ஸிமாவுக்குப் பயன்படும் பாரிசிட்டினிப் மாத்திரையும் இதே காரணத்தால் கடுமையான கோவிட் சிகிச்சைக்குள் வந்தது.

எல்லா மருந்துக்கும் இப்படி நடக்கவில்லை. லூபஸ் நோயாளிகளின் அன்றாட மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கோவிட்டைக் குணப்படுத்தும் என்ற பேச்சு 2020 மார்ச்சில் கிளம்பியது. அமெரிக்க அதிபராக இருந்த டோனல்ட் டிரம்பும் அதைப் பாராட்டினார். மலேசிய மருத்துவமனைகளிலும் தொடக்க மாதங்களில் அது பயன்பட்டது. ஜூன் மாதத்தில் ரிக்கவரி ஆய்வு, அதனால் பலன் இல்லை என்று காட்டியது. அதற்குள் பல நாடுகளில் லூபஸ் நோயாளிகள் தங்கள் மாத்திரை கிடைக்காமல் அலைந்துவிட்டார்கள்.

திடீரென நிறுத்தினால்

மருந்தை நிறுத்துவதிலும் மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு. மெத்தோட்ரெக்சேட்டை ஒரு வாரம் இரண்டு வாரம் தவறவிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. காய்ச்சல் வந்தால் ஓரிரு வேளை நிறுத்தச் சொல்லி மருத்துவர்களே கூறுவார்கள். ஸ்டீராய்டு மாத்திரை அப்படியல்ல. சில வாரங்கள் தொடர்ந்து பிரெட்னிசோலோன் சாப்பிட்டவரின் அட்ரீனல் சுரப்பி, தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் உடம்பில் அந்த ஹார்மோன் இல்லாமல் போகும். கடுமையான சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் இறங்குதல் எனத் தொடங்கி உயிராபத்து வரை போகலாம். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு அந்த ஹார்மோன் கூடுதலாகவே தேவைப்படுவதால், சிலருக்கு மருத்துவர் அளவைக் கூட்டவும் செய்வார். கிருமிக்குப் பயந்து நிறுத்துகிறவர், கிருமி வரும்போது மிகவும் தேவையான ஒன்றை இழந்து நிற்கிறார்.

சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விட்டால், உடம்பு முழுதும் சிவந்து சிறு சிறு சீழ்க் கொப்புளங்கள் கிளம்பும் கடுமையான வகையாக நோய் மாறக்கூடும். காய்ச்சலும் நீர் வற்றலும் சேர்ந்து வரும். வார்டில் படுக்க வேண்டியதுதான். மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்று மருந்தை விட்டவர், கோவிட் நோயாளிகள் நிறைந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்வார்.

"நான் ஸ்டீராய்டு சாப்பிடுவதில்லை" என்று சொல்பவர்களில் சிலர் அறியாமலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மூட்டுவலிக்கும் அரிப்புக்கும் சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் ஜாமு, மூலிகை மாத்திரைகளில் டெக்சாமெத்தாசோன் கலந்திருப்பதைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவான என்பிஆர்ஏ பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு மறைகிறது, பசி எடுக்கிறது, முகம் உருண்டையாகிறது. "உடம்பு தேறிவிட்டது" என்று உறவினர்களும் சொல்கிறார்கள். அந்த உருண்டை முகம், ஸ்டீராய்டின் பக்கவிளைவு. எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எந்த மாத்திரையையும் வாங்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டிருந்தால், அதை விடும்போதும் மருத்துவரிடம் பொட்டலத்தைக் காட்டிவிட்டே விட வேண்டும்.

நிறுத்துவது எல்லா நேரத்திலும் பயத்தால் வருவதுமல்ல. செம்பனைத் தோட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பஸ் இல்லை, மருத்துவரைப் பார்க்கும் தேதிகள் தள்ளிவைக்கப்பட்டன. மாத்திரை தீர்ந்தது, அவ்வளவுதான். அரசாங்க மருத்துவமனை மருந்தகங்கள் வழங்கும் உபாட் மெலாலுய் போஸ் என்ற அஞ்சல்வழி மருந்துச் சேவை அப்போது பலருக்குக் கைகொடுத்தது. தொடர்ச்சியாக மருந்து வாங்குகிறவர்கள் மருந்தக முகப்பில் கேட்டு அதில் பதிந்துகொள்ளலாம்.

காய்ச்சல் வந்தால், ஊசி போடும்போது

தொற்று இல்லாதவர் மருந்தைத் தொடர்வதே இப்போது பொதுவான மருத்துவ ஆலோசனை. பரிசோதனையில் கோவிட் உறுதியானால், மெத்தோட்ரெக்சேட், அசாத்தியோப்ரின், சைக்ளோஸ்போரின் போன்றவற்றைக் குணமாகும் வரை நிறுத்திவைக்கவும், பயோலாஜிக் ஊசியின் அடுத்த தேதியைத் தள்ளிப்போடவும் மருத்துவர் சொல்லக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் தானாக விடக்கூடாது. தோலில் பூசும் களிம்புகளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

தடுப்பூசி பற்றிய தயக்கமும் இன்னும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது "இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டவர்கள் பலர். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளே இவர்களுக்கு ஆகாதவை. இங்கே போடப்பட்ட ஃபைசர், சினோவேக், அஸ்ட்ராஸெனெகா எதுவும் அந்த வகையல்ல. ஊசியால் ஆபத்து இல்லை, பலன் சற்றுக் குறையலாம் என்பதே பிரச்சினை. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எதிர்ப்புச் சக்தி கணிசமாகக் குறைந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தவணை வேண்டும் என்று 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்குப் பயன்படும் ஓர் ஆய்வு 2022-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. 254 பேர் பங்கெடுத்த வ்ரூம் ஆய்வில், ஊக்கத் தவணை ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியவர்களுக்கு நோயெதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஆனால் நிறுத்தியவர்களிடம் நோய் கிளர்ந்ததும் அதிகம். ஆகவே இது மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. நோய் நன்கு கட்டுக்குள் இருப்பவருக்குப் பொருந்தலாம், கட்டுக்குள் இல்லாதவருக்குப் பொருந்தாது. ரித்துக்சிமாப் போடுகிறவர்களுக்கு, அடுத்த மருந்து ஊசிக்குச் சில வாரங்கள் முன்பே தடுப்பூசியைப் போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. கோவிட்டுக்கு ஐந்து நாள் கொடுக்கப்படும் பேக்ஸ்லோவிட் மாத்திரையில் உள்ள ரித்தோனவிர், கல்லீரல் சில மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. சைக்ளோஸ்போரின் அவற்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு எகிறிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். டவுன் கிளினிக்கில் காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவருக்கு, தோல் பிரிவில் தரும் மருந்து என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. பெயர் வாயில் நுழையாவிட்டால் மாத்திரை அட்டையையே பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டலாம்.